அடைத்த கூட்டில் பனிக்கடி: சென்ற ஆண்டு வராதது இந்த ஆண்டு ஏன் வந்தது?

பதிவு 1 | சாம்பல்சேவல்

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது பெட்டைகளும் இரண்டு சேவல்களும் கொண்ட சிறிய கூட்டத்தை இது மூன்றாவது குளிர்காலமாக வளர்த்து வருகிறேன். கொட்டகை 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உடையது. சென்ற ஆண்டு பலகைகளுக்கு இடையே விரல் நுழையும் அளவுக்கு இடுக்குகள் இருந்தன. இரவில் வெளியே என்ன குளிரோ ஏறக்குறைய அதே குளிர்தான் உள்ளேயும் இருந்தது. அப்போது ஒரு பறவைக்கும் தீங்கு நேரவில்லை. இருந்தாலும் அவை நடுங்குமே என்று மனம் பொறுக்காமல், இந்த ஆண்டு பனி தொடங்குவதற்கு முன்பே எல்லா இடுக்குகளையும் அடைத்தேன். கூரையின் உட்புறம் முழுவதும் தடித்த பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டியதோடு, இருந்த ஒரே சாளரத்தையும் மூடிவிட்டேன்.

அதன் பயனும் தெரிந்தது. வெளியே மைனஸ் 10 டிகிரி செல்சியஸாக இருந்த இரவில் உள்ளே மைனஸ் 5 டிகிரிதான் இருந்தது. அப்படியிருந்தும், நேற்று முன்தினம் காலையில் கூட்டைத் திறந்தபோது பெரிய சேவலின் கொண்டையில் மூன்று நுனிகள் வெளிறி, மெழுகு பூசியதுபோல் விறைத்திருந்தன. இன்று அந்த நுனிகளின் ஓரம் கருக்கத் தொடங்கியுள்ளது, அலகுக்குக் கீழே தொங்கும் தாடியும் வீங்கியிருக்கிறது. இது பனிக்கடிதான், அதாவது குளிரில் சதை உறைந்ததுதான் என்றால், 5 டிகிரி கூடுதல் குளிரில் வராத ஒன்று, கதகதப்பாக்கிய பிறகு ஏன் வந்தது? இரண்டாவது சேவலுக்கு எதுவும் ஆகவில்லை என்பதும் எனக்கு விளங்கவில்லை.

பதிவு 2 | பழையகொட்டகை

சாம்பல்சேவல் அவர்களே, பதில் சொல்வதற்கு முன் நான்கு செய்திகள் தெரிய வேண்டும். காலையில் கதவைத் திறந்தவுடன் பிளாஸ்டிக் தாளின் அடிப்பக்கம் எப்படி இருக்கிறது, உலர்ந்தா, துளி கோத்தா, வெண்மையாக உறைந்தா? தண்ணீர்ப் பாத்திரம் இரவில் உள்ளேயே இருக்கிறதா? பாதிக்கப்பட்ட சேவல் எந்த இடத்தில் அடைகிறது? நீங்கள் குனிந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் முகத்தை வைத்து மூச்சிழுத்தால் மூக்கில் உறைக்கிறதா? கடைசிக் கேள்விக்கு நின்ற நிலையில் பதில் சொல்லாதீர்கள். அம்மோனியா, தரையில் பரப்பிய கூளத்திலிருந்து கிளம்புவதால் உங்கள் மூக்கைவிடக் கோழியின் மூக்குக்கே அது முதலில் எட்டுகிறது.

பதிவு 3 | சாம்பல்சேவல்

கேட்டபடியே இன்று அதிகாலை பார்த்தேன். தாளின் அடிப்பக்கம் முழுவதும் வெண்பனி படிந்திருக்கிறது. கதவைத் திறந்து சற்று நேரத்தில் அது இளகிச் சொட்டுகிறது. அகன்ற வாயுள்ள தண்ணீர்த் தட்டு உள்ளேதான் இருக்கிறது. இரவில் தாகம் எடுக்குமே என்று வைத்தேன். பெரிய சேவல், பறவைகள் அமரும் மேல்கட்டையின் ஓரத்தில், தாளுக்கு ஒரு சாண் கீழே தனியாக அடைகிறது. சிறிய சேவல் கீழ்க்கட்டையில் பெட்டைகளுக்கு நடுவே அடைகிறது. குனிந்து மூச்சிழுத்தபோது கண்ணும் எரிந்தது என்பதைச் சற்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். நின்றபோது எனக்கு எதுவும் தெரியவில்லை.

பதிவு 4 | பழையகொட்டகை

அப்படியானால் விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். உங்கள் கூட்டில் ஈரம் வெளியேற வழியில்லை. கோழியின் உடல்வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி. சிறகுகளுக்கு அடியில் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு அது கடுங்குளிரையும் தாங்கும். ஆனால் கொண்டைக்கும் தாடிக்கும் சிறகு கிடையாது. வியர்வைச் சுரப்பி இல்லாத கோழிக்கு, வெயில் காலத்தில் உடற்சூட்டை வெளியேற்றும் உறுப்புகளுள் முக்கியமானவை அவைதாம். குளிரில் உடல் தன் உள்வெப்பத்தைக் காத்துக்கொள்ள அந்த உறுப்புகளுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. இரத்தம் குறைந்த மெல்லிய சதையின் மேல் ஈரமும் படிந்துவிட்டால், ஈரம் உலர்ந்த காற்றைவிடப் பன்மடங்கு விரைவாக வெப்பத்தை உறிஞ்சும். அதைவிட முக்கியமாக, தோலின் மேல் உறையும் அந்த ஈரத்தின் பனிப்படிகமே உள்ளிருக்கும் திசுநீர் உறைவதற்கு வித்தாகிறது. உலர்ந்த தோல் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே போனாலும் உறையாமல் தாக்குப்பிடிக்கக்கூடும்; நனைந்த தோலுக்கு அந்தச் சலுகை இல்லை.

பெட்டைகள் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு உறங்குவதால் பெரும்பாலும் தப்பிக்கின்றன. அவற்றின் கொண்டையும் சிறியது. ரம்பம்போல் நிமிர்ந்து நிற்கும் பெரிய ஒற்றைக் கொண்டையுள்ள சேவலுக்கு அந்த வசதி குறைவு. உங்கள் பெரிய சேவலோ பனி சொட்டும் தாளுக்கு ஒரு சாண் கீழே, அணைத்துக்கொள்ளத் துணையும் இல்லாமல் தலையை நீட்டி உட்கார்ந்திருக்கிறது. சிறியது தப்பியதற்கு அதன் நற்பேறு காரணமன்று, இடம்தான் காரணம்.

தாளை உடனே அகற்றுங்கள். இறவாணத்தை, அதாவது கூரையின் கீழ்விளிம்பை ஒட்டி, இரண்டு நீளச் சுவர்களின் உச்சியிலும் ஒரு சாண் அகலத்துக்குப் பலகையை எடுத்துவிட்டுக் கம்பிவலை அடியுங்கள். தண்ணீர்த் தட்டை மாலையில் வெளியே எடுத்துவிடுங்கள். இருட்டில் கோழி நீர் அருந்துவதில்லை; அந்தத் தட்டு உங்கள் கோழிகளுக்கு இரவில் செய்ததெல்லாம் காற்றை நனைத்ததுதான்.

பதிவு 5 | ஊதற்காற்று

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள வேண்டும். "காற்றைத் திறந்துவிடு" என்ற அறிவுரையைக் கேட்டுக்கேட்டு ஒரு குளிர்காலத்தில் நான் மூன்று பறவைகளை இழந்தவன். சாளரத்தைத் திறந்தே வைத்திருந்தேன். ஊதற்காற்று கட்டையில் அமர்ந்திருந்தவற்றின் மேல் நேராக அடித்தது. காலையில் இரண்டு இறந்து கிடந்தன, மூன்றாவது மறுநாள் போயிற்று. சிறகுக்கு அடியிலுள்ள சூடான காற்றுதான் கோழியின் போர்வை என்று நீங்களே சொல்கிறீர்கள். காற்று வீசினால் அந்தப் போர்வை கலைந்துபோகாதா? புதிதாக வளர்ப்பவர்களிடம் இப்படி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது ஆபத்து என்பது என் கருத்து. ஈரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் கூளத்தைத் தினமும் மாற்றட்டும். கூடு மூடியே இருக்கட்டும்.

பதிவு 6 | கூளக்கணக்கன்

இருவர் கூற்றிலும் பொருள் இருக்கிறது. ஆனால் கூளத்தை மாற்றுவது மட்டும் போதுமா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தோராயமான கணக்குத்தான், ஆயினும் அளவின் பருமன் புரியும்.

முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு 120 கிராம் அளவில் தீவனமும் அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தண்ணீரும் கொள்கிறது. பதினோரு பறவைகளுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். முட்டையில் போவது சிறு பங்கு. மற்றதெல்லாம் மூச்சாகவும், நான்கில் மூன்று பங்கு நீராகவே இருக்கும் எச்சமாகவும் வெளியே வருகிறது. குளிர்காலத்தில் கோழிகள் 14 மணி நேரம் கட்டையில் இருக்கின்றன என்றால், அந்த 2 லிட்டரில் கால்பங்கு, அதாவது அரை லிட்டர் நீர் இரவில் கொட்டகைக் காற்றில் கலக்கிறது என்று கொள்வது மிகையாகாது.

சாம்பல்சேவல் அவர்களின் கொட்டகையின் கொள்ளளவு 12 கன மீட்டர். மைனஸ் 5 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 3.4 கிராம் நீராவியை மட்டுமே தாங்கும். ஆக மொத்தக் கொட்டகையும் தாங்கக்கூடியது 41 கிராம். மூன்று மேசைக்கரண்டி கூட நிறையாத அளவு அது. வந்து சேர்வதோ 500 கிராம். மீதி எங்கே போகும்? தாளில் படியும், சுவரில் படியும், கூளத்தில் இறங்கும், சேவலின் கொண்டையிலும் படியும்.

இப்போது வெளிக்காற்றை உள்ளே விட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். மைனஸ் 10 டிகிரியில் வெளிக்காற்று முழு ஈரத்துடன் வந்தாலும் கன மீட்டருக்கு 2.4 கிராம்தான் சுமந்து வரும். உள்ளே வந்து 5 டிகிரி சூடேறினால் மேலும் 1 கிராமை ஏற்றுக்கொண்டு வெளியேறும். ஒரு முறை முழுக்காற்றும் மாறினால் 12 கிராம் வெளியே போகிறது. 500 கிராமும் போக வேண்டுமென்றால் 42 முறை மாற வேண்டும். 14 மணி நேரத்தில் அது மணிக்கு மூன்று முறை. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கொட்டகையின் காற்று முழுவதும் புதிதாக வேண்டும் என்பதுதான் இதன் பொருள். சென்ற ஆண்டின் இடுக்குகள் யாரும் கேட்காமலே இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. தினமும் கூளம் மாற்றினாலும் மூச்சிலிருந்து வரும் நீராவியையும் இரவெல்லாம் விழும் புதிய எச்சத்தையும் நிறுத்த முடியாது.

ஊதற்காற்று அவர்கள் சொல்வதிலும் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய சாளரம் எந்த உயரத்தில் இருந்தது?

பதிவு 7 | ஊதற்காற்று

கட்டையின் உயரத்திலேயே இருந்தது. கணக்கைப் பார்த்த பிறகு நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று புரிகிறது. சரி, திறப்பு பறவையின் தலைக்கு மேலே ஓரிரு சாண் உயரத்தில் இருந்தால் ஈரமான சூடான காற்று மேலேறி வெளியேறும், கட்டையில் காற்று வீசாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் பனிப்புயல் அடிக்கும் இரவில் அந்தத் திறப்பின் வழியாகவே பனித்தூள் உள்ளே வரும் என்பதையும் எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் சொல்லவில்லை என்று சொல்லக் கூடாது.

பதிவு 8 | இளங்குஞ்சு

நான் இந்த ஆண்டுதான் வளர்க்கத் தொடங்கினேன். கொண்டையில் வாசலின் தடவினால் பனிக்கடி வராது என்று பல இடங்களில் படித்தேன். கோழிகளுக்குக் கம்பளிச் சட்டை பின்னி அணிவிக்கும் படங்களையும் பார்த்தேன். வெப்ப விளக்கைத் தொங்கவிட்டால் இந்தச் சிக்கல் எதுவுமே இருக்காதே என்றும் தோன்றுகிறது. இவற்றில் எதைச் செய்யலாம்?

பதிவு 9 | பழையகொட்டகை

சட்டை வேண்டவே வேண்டாம். அது சிறகுகளை அமுக்கி, அவை உப்பி நிற்பதைத் தடுக்கிறது. நனைந்தால் நனைந்தபடியே உடலோடு ஒட்டிக்கொள்கிறது. படமெடுக்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

வாசலினைப் பற்றி வளர்ப்பவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அது வெப்பத்தைத் தருவதில்லை, பெரிதாகக் காப்பதும் இல்லை. குடிக்கும்போது தெறிக்கும் நீர் தோலில் ஒட்டாமல் வழிந்தோட உதவலாம் என்பதே அதற்காகச் சொல்லக்கூடிய நியாயம். மெல்லிய பூச்சாக, பகலில், உலர்ந்த கொண்டையில் தடவினால் தீங்கில்லை. நீர் கலந்த களிம்புகளைத் தடவக் கூடாது. அவை நாமே கொண்டையை நனைத்து வைப்பதற்குச் சமம். அத்தனை கோழிகளையும் துரத்திப் பிடித்துத் தடவும் நேரத்தில் ஒரு காற்றுத்திறப்பை வெட்டிவிடலாம் என்பது என் எண்ணம்.

வெப்ப விளக்கு என்றால் நான் அஞ்சுவேன். 250 வாட் விளக்கு, உலர்ந்த மரச்சீவல், பறக்கும் தூசி, ஒரு சங்கிலியை மட்டும் நம்பித் தொங்கும் கண்ணாடி, அதன் மேல் மோதும் இறக்கைகள் என்று எல்லாம் ஓரிடத்தில் கூடுகின்றன. எனக்குத் தெரிந்த ஒருவரின் கொட்டகை இப்படித்தான் ஓர் இரவில் எரிந்து சாம்பலானது. கொட்டகை தீப்பிடிக்காமல் தப்பினாலும், நள்ளிரவில் மின்சாரம் நின்றால் அதன் சூட்டுக்குப் பழகிய பறவைகள் ஒரே மணி நேரத்தில் கடுங்குளிரில் விழுகின்றன. நன்றாகச் சிறகு வளர்ந்த கோழிக்குச் செயற்கை வெப்பம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. நோயுற்ற பறவைக்கோ, இறகுதிர்த்து நிற்கும் பறவைக்கோ வேண்டுமென்றால், சுவரில் பொருத்தும் குறைந்த வாட் தகட்டு வெப்பமூட்டி ஓரளவு பாதுகாப்பானது. குஞ்சுகளின் கதை வேறு. முதல் வாரத்தில் அவற்றுக்கு 32 முதல் 35 டிகிரி வேண்டும், அதை இந்தப் பேச்சோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பதிவு 10 | மருந்துப்பெட்டி

நான் கால்நடை மருத்துவம் பயின்றவள். தடுப்பைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அந்தச் சேவல் இப்போது வலியில் இருக்கிறது என்பதால் சிகிச்சையைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் இது பனிக்கடிதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். உறைந்த பகுதி முதலில் வெளிறி, சாம்பல் கலந்த வெண்மையாகக் கடினப்படும். இளகியதும் சிவந்து வீங்கும். சில நேரம் கொப்புளம் எழும். பிறகு நுனியிலிருந்து கருத்து உலரும். சாம்பல்சேவல் அவர்களின் விவரிப்பு இதோடு பொருந்துகிறது. கோழி அம்மையிலும் கரும்பொருக்குகள் வரும். ஆனால் அவை நுனியில் மட்டும் நில்லாமல் முகத்திலும் கண்ணோரத்திலும் மருக்கள்போல் சிதறியிருக்கும். கொண்டை முழுவதும் ஊதா நிறமாக மாறினால் இதயமோ நுரையீரலோ தளர்ந்திருக்கலாம். பல பறவைகளுக்கு ஒரே நேரத்தில் தலை வீங்கி, கொண்டை நீலம் பாரித்து, திடீர் இறப்புகளும் நேர்ந்தால், பறவைகளைத் தொட்டுக் கொண்டிராமல் உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் அப்படித்தான் தோன்றும்.

உறைந்த நிலையிலேயே பறவையைக் கண்டால், வெதுவெதுப்பான நீரில், அதாவது 37 முதல் 39 டிகிரி வரையுள்ள நீரில் நனைத்த மென்துணியைக் கொண்டையின் மேல் வைத்து, ஆறும்போதெல்லாம் மாற்றி, இருபது நிமிட அளவுக்கு இளக விட வேண்டும். காலென்றால் அந்த நீரிலேயே பாதத்தை வைக்கலாம். தேய்க்கவே கூடாது, உள்ளே கண்ணாடித் துகள்போல் பனிப்படிகங்கள் இருக்கும்போது தேய்த்தால் எஞ்சிய திசுவும் கிழியும். முடி உலர்த்தி, அடுப்பு, வெப்ப விளக்கு ஆகியவற்றால் சூடேற்றுவதும் தவறு. உணர்வற்ற சதை வெந்துபோவது பறவைக்கே தெரியாது. இளகியபின் நன்றாக உலர்த்தி, உறைநிலைக்கு மேலே உள்ள, ஆனால் மிகச் சூடில்லாத ஓர் அறையில் வைக்க வேண்டும். ஒருமுறை இளகிய திசு மறுபடி உறைந்தால் சேதம் முன்னதைவிடப் பெரிதாக இருக்கும். ஆகவே அன்றிரவே அதே குளிருக்கு அனுப்பப் போகிறோம் என்றால் இளக வைக்காமல் இருப்பதே மேல்.

இந்தச் சேவலின் கொண்டை தானாகவே இளகி நாள் கடந்துவிட்டதால் இனி துணியும் நீரும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். கருத்த நுனியை வெட்டாதீர்கள், பிய்க்காதீர்கள். அது அடியிலுள்ள உயிருள்ள சதைக்கு மூடியாக நிற்கிறது. எல்லை தெளிவாகப் பிரிந்து, சில வாரங்களில் அதுவாகவே உதிரும். அதுவரை மற்றப் பறவைகள் கொத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரத்தத்தைக் கண்டால் கோழிகள் விடுவதில்லை. கருத்த பகுதி உலர்ந்திருப்பது நல்லது. அது ஈரமாகி நாறினாலோ, சீழ் வைத்தாலோ, வீக்கம் கீழ்நோக்கிப் பரவினாலோ மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

மனிதர்களுக்கான வலிநீக்கிகளை மனம்போன அளவில் கொடுக்காதீர்கள். மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த களிம்புகளையும் மருத்துவரைக் கேட்காமல் பூசாதீர்கள். பறவைகளுக்கு அவற்றின் பாதுகாப்பான அளவு மிகக் குறைவு. பெட்டைகளுக்கு மருந்து கொடுத்தால் எத்தனை நாள் முட்டையை உண்ணக் கூடாது என்பதையும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாலையில் சேவலின் இரைப்பையை, அதாவது கழுத்தடியில் தீவனம் தங்கும் பையைத் தொட்டுப் பாருங்கள். வலியுள்ள பறவை தீவனத் தொட்டியருகே நின்றுகொண்டே பட்டினி கிடக்கும். இரைப்பை வெறுமையாக இருந்தால் அன்றிரவே தனியே வைத்து ஊட்டமான ஈரத் தீவனம் கொடுக்க வேண்டும்.

பதிவு 11 | சாம்பல்சேவல்

மருந்துப்பெட்டி அவர்களுக்கு நன்றி. இரைப்பை பாதிதான் நிரம்பியிருந்தது. சேவலைத் தனியறையில் வைத்துவிட்டேன். தாளைக் கழற்றியபோது அதன் மடிப்புகளில் தேங்கி உறைந்திருந்த பனிக்கட்டியை ஒரு வாளியில் அள்ள வேண்டியிருந்தது. கூளக்கணக்கன் அவர்களின் அரை லிட்டரை அப்போது கண்ணாலேயே பார்த்தேன். இரண்டு நீளச் சுவர்களிலும் இறவாணத்தின் கீழ் 15 சென்டிமீட்டர் அகலத்தில் பலகையை எடுத்து வலையடித்திருக்கிறேன். இதுவரை கட்டையாக வைத்திருந்தது ஓர் உருண்டை இரும்புக் குழாய். அதையும் மாற்ற வேண்டுமா?

பதிவு 12 | பழையகொட்டகை

இதை முதலிலேயே கேட்காமல் விட்டது என் பிழை. கட்டாயம் மாற்றுங்கள். இரும்பு, பாதத்தின் சூட்டை இரவெல்லாம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கோழியின் காலில், கீழிறங்கும் சூடான இரத்தமும் மேலேறும் குளிர்ந்த இரத்தமும் அருகருகே ஓடி வெப்பத்தைப் பரிமாறிக்கொள்கின்றன. அதனால் பாதம் மிகக் குளிர்ந்திருந்தும் உறையாமல் இருக்கும். ஆனால் குளிர்ந்த உலோகத்தோடு போட்டியிட அது போதாது. 9 சென்டிமீட்டர் அகலமுள்ள மரச்சட்டத்தைத் தட்டையான பக்கம் மேலே இருக்கும்படி பொருத்துங்கள். அதில் அமரும் கோழியின் விரல்கள் சட்டத்தின் மேல் விரிந்திருக்க, நெஞ்சிறகு இறங்கி அவற்றை முழுவதும் மூடிக்கொள்ளும். உருண்டைக் குழாயில் விரல் நுனிகள் வளைந்து கீழே நீட்டிக்கொண்டிருந்திருக்கும்.

பதிவு 13 | இளங்குஞ்சு

என்னிடம் காலில் இறகுள்ள பிரம்மா இனப் பறவைகள் உள்ளன. அவற்றுக்குக் கால் பற்றிய கவலை இல்லை என்று கொள்ளலாமா?

பதிவு 14 | மருந்துப்பெட்டி

அப்படி நினைப்பதே ஆபத்து. உலர்ந்த நிலத்தில் அந்த இறகு நன்மைதான். இளகும் பனியிலும் சேற்றிலும் நடந்தால் அதில் பனியுருண்டைகள் ஒட்டி, இரவில் பாதத்தைச் சுற்றிப் பனிக்கட்டிக் காலுறையாகிவிடும். மாலையில் அடையும்போது கால்களைப் பார்த்து, ஈரமிருந்தால் உலர்த்தி அனுப்புங்கள். நடக்கும் இடத்தில் பனியின் மேல் வைக்கோலைத் தடிமனாகப் பரப்பினால் எல்லாக் கோழிகளுக்குமே நல்லது. கொண்டையைப் பொறுத்தவரை உங்கள் பறவைகளுக்குத் தலையோடு படிந்த சிறிய பட்டாணிக் கொண்டை இருப்பதால் கவலை குறைவு.

பதிவு 15 | கூளக்கணக்கன்

இனத்தைப் பற்றிய பேச்சு வந்ததால் சிறிது விலகிச் செல்கிறேன். லெகார்ன், மினோர்கா போன்ற மத்தியதரைக்கடல் இனங்களின் பெரிய ஒற்றைக் கொண்டை வெயிலுக்கு உகந்தது. குளிர்நாட்டுத் தேவையை முன்வைத்தே உருவாக்கப்பட்டது கனடாவின் கியூபெக் மாநிலத்தில் தோன்றிய சாண்டெக்ளேர் இனம். ஒரு துறவியின் முயற்சியில் உருவான அந்தப் பறவைக்குக் கொண்டை மெத்தைபோல் தலையோடு ஒட்டியிருக்கும், தாடி பெயரளவுக்கே இருக்கும். 1921-இல் அது கோழி இனங்களுக்கான அமெரிக்கத் தரநூலில் இடம்பெற்றது. வையண்டாட் இனத்தின் ரோஜாக் கொண்டையும் தலையோடு படிந்தது; ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ரோஜாக் கொண்டைக்கான மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற சேவல்களுக்குக் கருவூட்டும் திறன் குறைவாக இருப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி.

பதிவு 16 | ஊதற்காற்று

ஒற்றைக் கொண்டைச் சேவலின் கொண்டையை முன்கூட்டியே அறுத்துவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

பதிவு 17 | மருந்துப்பெட்டி

வரக்கூடிய ஒரு காயத்தைத் தவிர்க்க, உறுதியான ஒரு காயத்தைச் செய்வது அது. கூட்டின் கூரையோரத்தைத் திருத்தினால் தீரக்கூடிய சிக்கலுக்குப் பறவையை அறுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதிவு 18 | சாம்பல்சேவல்

ஒன்பது நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன். திறப்புகளை வைத்தபின் உள்ளே குளிர் கூடிவிட்டது. வெளியே இருப்பதைவிட ஒன்று அல்லது இரண்டு டிகிரிதான் அதிகம். ஆனால் காலையில் கூரையில் பனி இல்லை, கண் எரிவதில்லை, எந்தப் பறவைக்கும் புதிய பனிக்கடி இல்லை. இடையில் ஓர் இரவு மைனஸ் 14 டிகிரி வரை போனது.

ஊதற்காற்று அவர்கள் எழுதி வைத்ததும் பலித்தது. ஆறாவது இரவு பனிப்புயல் அடித்தது; காற்று வந்த பக்கத்துத் திறப்பின் வழியாகப் பனித்தூள் உள்ளே பாய்ந்து, மேல்கட்டையிலும் கூளத்திலும் மெல்லிய படலமாகக் கிடந்தது. பறவைகளின் முதுகைத் தட்டிவிட்டு, நனைந்த கூளத்தை அப்போதே வாரி வெளியே போட்டேன். இனி என்ன செய்யலாம்?

பதிவு 19 | ஊதற்காற்று

இதற்காக மகிழ்ச்சியடைய எனக்கு மனமில்லை. காற்று வரும் பக்கத்துத் திறப்பின் மேல் சணல் சாக்கை ஓர் அடுக்காக இழுத்துக் கட்டுங்கள். காற்று மெதுவாகக் கசிந்து நுழையும், பனித்தூள் சாக்கிலேயே தங்கிவிடும். எதிர்ப்பக்கத்தை முழுவதும் திறந்தே விடுங்கள். சாக்கு நனைந்து விறைத்தால் மாற்றிவிட வேண்டும். உறைந்த சாக்கு பலகைக்குச் சமம். இதை நான் அந்த மூன்று பறவைகளுக்குப் பிறகுதான் கற்றேன். முதல் நாளே சொல்லியிருக்கலாம், "மூடியே வை" என்று வீம்பாகப் பேசிவிட்டேன்.

பதிவு 20 | கூளக்கணக்கன்

கூளத்தை முழுவதும் வாரிவிட்டீர்களா, மேலாகவா? ஆழ்கூள முறையில் 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை மரச்சீவலைச் சேர்த்துக்கொண்டே போனால், அடியில் அது மெதுவாக மக்கும்போது சிறிது வெப்பமும் தரும், எச்சத்தின் ஈரத்தையும் உறிஞ்சும். எனவே நனைந்த மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு உலர்ந்த சீவலைச் சேர்த்தால் போதும். ஒரு கைப்பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. மெல்ல உதிர்ந்தால் சரி. கட்டைக்கு நேர் கீழே இரவில் குவியும் எச்சத்தை மட்டும் காலைதோறும் பலகை வைத்து வழித்தெடுத்தால் ஈரத்தில் பெரும்பங்கு அப்போதே வெளியேறிவிடும்.

பதிவு 21 | இளங்குஞ்சு

பகலில் தண்ணீர் வைப்பது எப்படி? என் பாத்திரம் ஒரு மணி நேரத்தில் உறைந்துவிடுகிறது. அகன்ற தட்டில் குடிக்கும்போது சேவலின் தாடி நனைவதையும் இப்போதுதான் கவனித்தேன்.

பதிவு 22 | பழையகொட்டகை

நல்ல கவனிப்பு. சாம்பல்சேவல் அவர்களின் பறவைக்குத் தாடி வீங்கியதற்கும் அந்தத் தட்டே காரணமாயிருக்கும். அலகால் தட்டினால் நீர் சொட்டும் நிப்பிள் குழாய் பொருத்திய வாளியென்றால் தாடி நனையாது; ஆனால் குளிரில் நிப்பிள் முதலில் உறையும் என்பதால் வாளிக்குள் வைக்கும் சிறு வெப்பமூட்டி வேண்டும். அது இல்லையென்றால் ஒடுங்கிய வாயுள்ள பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீரைக் காலையும் நண்பகலும் மாலையும் மாற்றி வையுங்கள். தண்ணீர் நின்றால் தீவனம் உண்பது நிற்கும், தீவனம் நின்றால் உடற்சூடு குறையும். அதனால் இதில் சோம்பல் கூடாது. அடைவதற்கு முன் ஒரு கைப்பிடி உடைத்த மக்காச்சோளம் தூவினால் இரவு முழுவதும் செரித்துச் சூடு தரும். அன்றாடத் தீவனத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

பதிவு 23 | சாம்பல்சேவல்

ஏழு வாரங்களுக்குப் பிறகு இதை எழுதுகிறேன். சாக்கு நன்றாக வேலை செய்கிறது. இரண்டு புயல்களில் பனித்தூள் உள்ளே வரவில்லை. பெரிய சேவல் மூன்றாவது வாரம் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டது. இப்போது கீழ்க்கட்டையில்தான் அடைகிறது. மேல்கட்டையை நான் கழற்றிவிட்டேன். கருத்த நுனிகளில் இரண்டு சென்ற வாரம் தாமாகவே உதிர்ந்தன; மூன்றாவது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உலர்ந்திருக்கிறது, நான் தொடவில்லை. தாடியின் வீக்கம் வடிந்து ஓரத்தில் சிறு வடு மட்டும் உள்ளது.

ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சியிருக்கிறது. குஞ்சு பொரிக்க வைப்பதற்காக இந்தச் சேவலோடு தனியே விட்ட பெட்டைகளின் பத்து முட்டைகளை ஏழாம் நாள் விளக்கொளியில் பார்த்ததில் மூன்றில்தான் கரு தெரிந்தது. சென்ற ஆண்டு எட்டு, ஒன்பது என்று இருந்தது. இதற்கும் பனிக்கடிக்கும் தொடர்பு உண்டா?

பதிவு 24 | மருந்துப்பெட்டி

உண்டு. கொண்டையிலும் தாடியிலும் கடுமையான பனிக்கடி பட்ட சேவல்களின் கருவூட்டும் திறன் சில காலம் குறைவது அறியப்பட்டதே. வலியும், உண்பது குறைந்ததும், பெட்டைகளோடு சேராமல் ஒதுங்கி நின்றதும் எல்லாம் அதில் சேரும். பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். மூன்றாவது நுனியும் உதிர்ந்து, சேவல் முன்போல் நன்றாக உண்ணத் தொடங்கிய பிறகு மூன்று நான்கு வாரம் பொறுத்து மறுபடி பத்து முட்டைகளைப் பாருங்கள். அதுவரை பொரிக்க வைக்க வேண்டுமென்றால் சிறிய சேவலை அந்தப் பெட்டைகளோடு விடுங்கள். ஆனால் முதல் இரண்டு, மூன்று வாரம் வரும் முட்டைகளில் பழைய சேவலின் விந்தும் எஞ்சியிருக்கலாம் என்பதால், எதன் குஞ்சு எது என்று அறிய விரும்பினால் அந்த முட்டைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

பதிவு 25 | சாம்பல்சேவல்

அப்படியே செய்கிறேன். சிறிய சேவலை இன்று மாலை மாற்றிவிட்டேன். பெரியது வலைக்கு இந்தப் பக்கம் நின்று கூவிக்கொண்டே இருக்கிறது.